இசைத்தட்டுக்குள் ஒரு பூட்டு: சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

மாணவர்களே, முதலில் ஒரு புதிர். கறுப்பு நிற இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்குத் தாத்தா காலத்து எம்ஜிஆர் படப் பாட்டுத் தட்டு போலவே இருக்கும். அதைச் சாதாரண டர்ன்டேபிளில் வைத்து ஊசியை இறக்கினால் பாட்டு வராது. 'பீ...' என்று ஒரே சுருதியில் ஒரு கீச்சொலி மட்டும் வரும். பத்து நிமிடம் காத்திருந்தாலும் அதே கீச்சொலிதான். ஆனால் அதே தட்டை ஒரு டிஜேயிடம் கொடுங்கள். அவர் அதைத் தம் மடிக்கணினியுடன் இணைத்ததும் ஏ.ஆர். ரகுமான் பாட்டும் அனிருத் பாட்டும் அதிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும். தட்டைக் கையால் நிறுத்தினால் பாட்டு நிற்கும். பின்னோக்கி இழுத்தால் பாட்டும் பின்னோக்கி ஓடும். அப்படியானால் அந்தத் தட்டில் இருப்பது என்ன?

இந்த ஏற்பாட்டுக்கு மின்னிலக்க இசைத்தட்டு முறை என்று பெயர். டிஜேக்கள் 'டிவிஎஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பாட்டு கணினிக்குள் இருக்கிறது. கையின் அசைவைக் கணினிக்குத் தெரிவிக்கும் ஒரு குறியீடு மட்டுமே தட்டில் இருக்கிறது. தேக்கா வட்டாரத்து விழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் நீங்கள் பார்க்கும் டிஜேக்களில் பலர் சிறு சக்கரங்கள் பதித்த கன்ட்ரோலரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் நிஜத் தட்டின் மேல் கைவைத்து வாசிக்கும் கலைஞர்கள் உலகெங்கும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கைகொடுப்பது இந்த முறைதான்.

இதன் அறிவியல் அழகானது. உயர்நிலைப்பள்ளி இயற்பியலும் கணக்கும் தெரிந்தால் போதும், முழுவதும் புரிந்துவிடும். ஆனால் அதைச் சுற்றிப் போடப்பட்டிருக்கும் வணிகப் பூட்டுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு மின்னிலக்கக் கருவியை வாங்குவதற்கு முன்பு, "இது எவ்வளவு புதிது?" என்று கேட்கிறோம். "இது எதை நம்பி ஓடுகிறது? அது நின்றுபோனால் என் கையில் என்ன மிஞ்சும்?" என்றும் கேட்கப் பழக வேண்டும். அதுவே என் கருத்து. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள இந்தக் கறுப்புத் தட்டு நல்ல உதாரணம்.

கைக்குப் பழகிய கருவி

பழைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் மோட்டார் ஒரு ரப்பர் பட்டையின் வழியாகத் தட்டைச் சுழற்றியது. கையால் தடுத்தால் பட்டை வழுக்கும். மீண்டும் வேகம் பிடிக்க நேரமாகும். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனப் பொறியாளர் ஷுயிச்சி ஒபாட்டா, பட்டையே இல்லாமல் மோட்டாரின் அச்சிலேயே தட்டு சுழலும் அமைப்பை உருவாக்கினார். அந்த வழியில் 1972ல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 சந்தைக்கு வந்தது. 1979ல் வந்த அதன் அடுத்த பதிப்பு, நின்ற நிலையிலிருந்து 0.7 வினாடியில் முழு வேகத்தை எட்டியது. ஒரு தண்டை நகர்த்தி அதன் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ முடிந்தது.

அதே காலகட்டத்தில் நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க், 1973 வாக்கில் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்தார். தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மாறி மாறிப் போட்டு நீட்டினார். பின்னர் கிராண்ட் விசார்ட் தியடோர் என்ற இளையர், தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்பும் 'ஸ்கிராட்ச்' உத்தியைக் கண்டுபிடித்தார் என்று சொல்லப்படுகிறது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்காகச் செய்த பெட்டி, இளையர் கையில் இசைக்கருவியாக மாறியது. வீணைக்குப் போலவே இதற்கும் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

பயிற்சி கையில் இருந்தது. பாட்டு தட்டில் இருந்தது. அதில்தான் சிக்கல். ஒரு தட்டு அதன் உறையோடு ஏறத்தாழ கால் கிலோ எடை இருக்கும். 80 தட்டுகளைத் தூக்கிப்போனால் 20 கிலோ. அடிக்கடி தேய்த்தால் பள்ளங்கள் சேதமடைந்து இரைச்சல் கூடும். அரிய தட்டாக இருந்தால் இழப்பு பெரிது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, ஆம்ஸ்டர்டாமின் என்2ஐடி என்ற சிறு நிறுவனம் ஒரு வழி கண்டது. கையும் டர்ன்டேபிளும் ஊசியும் அப்படியே இருக்கட்டும், பாட்டை மட்டும் கணினிக்கு மாற்றுவோம் என்பதே அந்த வழி. அதன் 'ஃபைனல் ஸ்கிராட்ச்' முறையை ஸ்டான்டன் நிறுவனம் விற்றது. 2004ல் நியூசிலாந்தின் செராட்டோ நிறுவனம், ரேன் என்ற அமெரிக்க வன்பொருள் நிறுவனத்துடன் சேர்ந்து 'ஸ்கிராட்ச் லைவ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. 2007ல் பெர்லினின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 'டிராக்டர் ஸ்கிராட்ச்' முறையை வெளியிட்டது.

கீச்சொலி சொல்லும் மூன்று செய்திகள்

கணினிக்குத் தட்டைப் பற்றி மூன்று செய்திகள் தெரிய வேண்டும்: எவ்வளவு வேகம், எந்தத் திசை, எந்த இடம்.

வேகம் எளிது. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. செராட்டோ தட்டில் பதிந்திருக்கும் கீச்சொலியின் அதிர்வெண், இந்த வேகத்தில் 1,000 ஹெர்ட்ஸ். எனவே ஒரு சுற்றில் 1,800 அலைகள். கையால் வேகத்தைப் பாதியாக்கினால் 500 ஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். அதிர்வெண்ணை அளந்தால் வேகம் கிடைத்துவிடும். ஒரு வட்டம் 360 பாகை என்பதால், ஓர் அலை 0.2 பாகை திருப்பத்தைக் குறிக்கிறது. தட்டின் ஓரத்தில் அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நகர்வு. அலையின் எந்தக் கட்டத்தில் ஊசி நிற்கிறது என்று பார்த்தால் அதைவிட நுட்பமான அசைவும் தெரியும்.

தட்டு அடியோடு நின்றுவிட்டால்? ஊசியின் மறுமுனையில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. மின்காந்தத் தூண்டலில் நீங்கள் படித்ததுதான்: அசைவு இருந்தால் மட்டுமே மின்னழுத்தம் பிறக்கும். தட்டு நின்றால் மௌனம். அந்த மௌனத்தையும் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு மென்பொருள் பாட்டை அதே இடத்தில் நிறுத்தி வைக்கிறது.

திசைக்கு ஒரு சிறு தந்திரம் உண்டு. கடைத்தொகுதி வாசலில் உள்ளே வருபவர்களையும் வெளியே போகிறவர்களையும் தனித்தனியே எண்ண வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உணர்கருவி போதாது. யாரோ கடந்தார் என்று மட்டுமே அது சொல்லும். இரண்டை அடுத்தடுத்து வைத்தால், எது முதலில் மறைக்கப்படுகிறது என்பதை வைத்துத் திசையைச் சொல்லிவிடலாம். இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள் உண்டு. ஒன்று இடப்பக்க ஒலிக்கு, மற்றது வலப்பக்க ஒலிக்கு. இரண்டிலும் ஒரே கீச்சொலிதான், ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் அலை பிந்தி வரும். தட்டு முன்னோக்கிப் போகும்போது ஒரு பக்கம் முந்தும். பின்னோக்கிப் போகும்போது மறுபக்கம் முந்தும். கணினிச் சுட்டியின் சக்கரம் மேலே உருள்கிறதா கீழே உருள்கிறதா என்று கண்டறிவதும் இதே முறையில்தான்.

இந்த இரண்டு அலைகளையும் அலைகாட்டியின் கிடை அச்சிலும் செங்குத்து அச்சிலும் கொடுத்தால் திரையில் ஒரு வட்டம் தோன்றும். டிஜே மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் இந்த வட்டத்தைப் பார்க்கலாம். ஊசியில் தூசி படிந்தாலோ கம்பி இணைப்பு தளர்ந்தாலோ வட்டம் நசுங்கும்.

தேமாங்காய், கருவிளங்கனி, இசைத்தட்டு

மூன்றாவது செய்தி, இடம். டிஜே ஊசியைத் தூக்கித் தட்டின் நடுவில் வைத்தால் பாட்டும் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் தட்டு முழுவதும் ஒரே கீச்சொலி. இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கான கணக்கை நம் யாப்பைக் கொண்டே விளக்கலாம். செய்யுளின் அசைகள் இரண்டே: நேர், நிரை. மூன்று அசைகள் சேர்ந்தால் எட்டு வகைச் சீர்கள் கிடைக்கும். தேமாங்காய் முதல் கருவிளங்கனி வரை. இந்த எட்டையும் தனித்தனியே எழுதினால் 24 அசைகள் வேண்டும். எட்டே அசைகளில் அத்தனையையும் அடக்க முடியுமா? முடியும். இப்படி ஒரு வளையமாக எழுதுங்கள்:

நேர், நேர், நேர், நிரை, நேர், நிரை, நிரை, நிரை.

எட்டாவது அசைக்குப் பிறகு மீண்டும் முதல் அசை வருவதாகக் கொள்ளுங்கள். முதல் மூன்று அசைகள் தேமாங்காய். ஓரிடம் தள்ளி இரண்டாம் அசையிலிருந்து எடுத்தால் தேமாங்கனி. அடுத்து கூவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி, கருவிளங்கனி, கருவிளங்காய், புளிமாங்காய். எட்டும் ஒவ்வொரு முறை மட்டுமே வருகின்றன. அதனால் வளையத்தின் எந்த இடத்திலிருந்தும் மூன்று அசைகளைக் காதில் கேட்டால் போதும், நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

இசைத்தட்டும் இதே கணக்கைத்தான் பயன்படுத்துகிறது. நேர், நிரைக்குப் பதில் 0, 1. ஒவ்வோர் அலையின் உயரமும் சற்றுக் கூடுதலாகவோ சற்றுக் குறைவாகவோ பதிக்கப்படுகிறது. கூடுதல் என்றால் 1, குறைவு என்றால் 0. மூன்றுக்குப் பதிலாக 20 அலைகளை ஒன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டின் 20ஆம் அடுக்கு 1,048,576. வினாடிக்கு 1,000 அலை வீதம், ஒரே வரிசை திரும்ப வராமல் 17 நிமிடத்துக்கு மேல் ஓட்டலாம். தட்டின் ஒரு பக்கத்துக்கு அது தாராளம். 20 அலைகளைக் கேட்க 0.02 வினாடி போதும். ஊசி எங்கே விழுந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கணினி இடத்தைச் சொல்லிவிடும்.

நடுவில் ஒரு பெட்டி

ஊசியிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்ப வேண்டும். பிறகு கணினி தரும் பாட்டை மீண்டும் மின்னலையாக்கி மிக்சருக்கு அனுப்ப வேண்டும். இந்த இரு வழி வேலையையும் செய்வது ஒலி இடைமுகப் பெட்டி. இன்று பல மிக்சர்களுக்குள்ளேயே அது பதிக்கப்பட்டு வருகிறது.

இங்கே எதிரி தாமதம். கணினி ஒலியைத் துளித்துளியாக வாங்காது. ஒரு கரண்டி நிறைந்ததும்தான் வாங்கும். வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில், கரண்டிக்கு 256 மாதிரிகள் என்றால் ஒரு கரண்டி நிறைய 5.8 மில்லிவினாடி ஆகும். நம் ஊரின் 30 பாகை வெப்பத்தில் ஒலி அந்த நேரத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் பயணம் செய்யும். அதாவது ஒலிபெருக்கியிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நிற்பதற்குச் சமம். அது பொறுக்கக்கூடியதே. ஆனால் உள்ளே வர ஒரு கரண்டி, வெளியே போக ஒரு கரண்டி, மென்பொருளின் வேலை நேரம் என்று சேர்ந்துகொண்டே போனால், கை ஓரிடத்திலும் ஒலி ஓரிடத்திலும் நிற்கும். அதனால் நல்ல பெட்டியும் அதை இயக்கும் நல்ல மென்பொருளும் முக்கியம். பூட்டு விழுந்ததும் இந்தப் பெட்டியில்தான்.

எது முதலில் செயலிழந்தது?

1903ல் கிராமஃபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கைஸ்பர்க், கிழக்காசியப் பயணத்தின்போது சிங்கப்பூருக்கும் வந்து இங்குள்ள பாடகர்களைப் பதிவு செய்தார். அக்காலத் தட்டு ஒன்று உடையாமல் கிடைத்தால், ஏற்ற ஊசியும் வேகமும் இருந்தால் இன்றும் கேட்கலாம். 1979ன் டெக்னிக்ஸ் டர்ன்டேபிள்கள் இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2010ல் அதன் உற்பத்தியை நிறுத்திய நிறுவனமே, 2016ல் புதிய பதிப்போடு மீண்டும் தொடங்கியது.

இப்போது கணினிப் பக்கம் பாருங்கள். ஃபைனல் ஸ்கிராட்ச் முதலில் உருவானது பிஇஓஎஸ் என்ற இயங்குதளத்தில். அந்த இயங்குதளத்தின் நிறுவனம் 2001ல் தன் சொத்துகளை விற்றுவிட்டு மறைந்தது. செராட்டோ, தன் ஸ்கிராட்ச் லைவ் மென்பொருளைச் சுமார் பத்து ஆண்டுகளில் ஓய்வுபெறச் செய்து, 'செராட்டோ டிஜே' என்ற புதிய மென்பொருளுக்கு மாறியது. 2004ல் ஸ்கிராட்ச் லைவோடு விற்கப்பட்ட எஸ்எல்1 என்ற பெட்டியைப் புதிய மென்பொருள் ஏற்கவில்லை. பெட்டிக்குள் எந்தப் பாகமும் உடையவில்லை. மின்சுற்று நன்றாகவே இருந்தது. அதோடு பேசும் மென்பொருள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: செராட்டோவின் குறியீட்டுத் தட்டுகள் புதிய மென்பொருளிலும் வேலை செய்கின்றன. தட்டு பிழைத்தது, டர்ன்டேபிள் பிழைத்தது, நடுவில் இருந்த பெட்டி மட்டும் அலமாரிக்குப் போனது.

ஜாலான் புசார் அருகே இருந்த சுங்கை ரோடு சந்தையைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படும் வரை அங்கே பழைய வானொலிகள், கடிகாரங்கள், இசைத்தட்டுகள் எல்லாம் கைமாறின. அந்தப் பழைய வானொலியை வாங்கியவர், அதை ஓட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மின்சாரம் கொடுத்தால் பாடியது. பாடாவிட்டால் திறந்து பழுதுபார்க்க முடிந்தது. இன்றைய கருவிகளில் பலவற்றுக்கு அந்த வாழ்வு கிடையாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். அதைச் சேகரித்து மறுபயனீடு செய்ய 2021 ஜூலை முதல் நாடளாவிய திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம். ஆனால் உடையாத பெட்டி குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது.

திறந்த கதவும் ஒன்று உண்டு

பூட்டு இயற்கை விதி அல்ல. பிரிட்டனின் மார்க் ஹில்ஸ் என்ற நிரலாளர், லினக்ஸ் கணினிகளுக்காக 'எக்ஸ்வாக்ஸ்' என்ற மென்பொருளை எழுதினார். அது செராட்டோ, டிராக்டர், மிக்ஸ்வைப்ஸ் நிறுவனங்களின் குறியீட்டுத் தட்டுகளைப் படிக்கும். நிரல் முழுவதும் திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். மேலே சொன்ன 20 அலைக் கணக்கை அந்த நிரலில் நேரடியாகவே பார்க்கலாம்.

மிக்ஸ் என்ற மற்றொரு திறந்த மூல மென்பொருள் உண்டு. அதன் பெயரில் மூன்று எக்ஸ் எழுத்துகள் வரும். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த டுவே ஹாஸ்டே ஆண்டர்சன், டிஜேக்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஆராய்வதற்காக 2001ல் அதைத் தொடங்கினார். இன்று உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் அதை வளர்க்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக ஓடுகிறது. தட்டுகளைப் படிப்பதற்கு எக்ஸ்வாக்ஸின் நிரலையே அது எடுத்துக்கொண்டது. ஒருவர் திறந்து வைத்த கதவின் வழியே இன்னொருவர் உள்ளே வந்தார். தேவையான நுழைவாயில்கள் உள்ள எந்த ஒலி இடைமுகப் பெட்டியும் அதற்குப் போதும். ஒரு நிறுவனத்தின் பெட்டிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தமிழர்களாகிய நமக்கு இது தெரிந்த கதை. 1990களில் கணினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீடு இருந்தது. ஒன்றில் தட்டிய கடிதத்தை இன்னோர் எழுத்துருவில் திறந்தால் புரியாத கோலங்களே தெரியும். சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி கணினித் தமிழுக்காக உழைத்த முன்னோடிகளில் ஒருவர். தமிழுக்குப் பொதுத் தரம் வேண்டும் என்று பேசிய 'தமிழ்நெட் 97' மாநாடு 1997 மே மாதம் நம் ஊரில்தான் நடந்தது. பல முயற்சிகளுக்குப் பிறகு யூனிகோட் பரவியது. இன்று உங்கள் கைப்பேசியில் தட்டும் 'வணக்கம்' யாருடைய கைப்பேசியிலும் 'வணக்கம்' என்றே தெரிகிறது. குறியீடு பொதுவானதால் எழுத்துரு நிறுவனங்கள் அழிந்துவிடவில்லை. அழகான எழுத்துக்காகப் போட்டியிட்டார்கள்.

எதிர்க்கேள்விகள்

"நிறுவனம் பிழைக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மென்பொருளும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு செய்து, சோதித்து, மேடையில் சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள நிறைய உழைப்பு வேண்டும். இணைத்ததும் வேலை செய்யும் வசதிக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. அந்த மென்பொருளின் நிரலையே திறந்து காட்ட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு கருவிக்கான ஆதரவை நிறுத்தும் நாளில், அதோடு பேசும் முறையை வெளியிட்டுவிட வேண்டும் என்கிறேன். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் சாவியை ஒப்படைப்பதில்லையா?

ஒரே நிறுவனத்தின் கையில் எல்லாம் சேர்வது பற்றிய கவலை என் கற்பனை அல்ல. பயனியர் டிஜே கருவிகளை விற்கும் ஆல்ஃபாதீட்டா, செராட்டோவை வாங்க முன்வந்தது. நியூசிலாந்தின் வர்த்தக ஆணையம் 2024ல் அதற்கு அனுமதி மறுத்தது. டிஜே மென்பொருளிலும் வன்பொருளிலும் போட்டி குறைந்துவிடக்கூடும் என்பதே காரணம்.

"தட்டில் பாட்டே இல்லை, இது ஏமாற்று வேலை அல்லவா?" என்பது இன்னொரு கேள்வி. மின்விசைப்பலகையில் தந்தி இல்லை. அதனால் அதை வாசிப்பவரின் விரல்கள் பொய் சொல்வதாகிவிடுமா? ஸ்கிராட்ச் செய்யும் கை உண்மையானது. தவறினால் உடனே காதுக்குத் தெரியும். 2006ல் கேப்ரியல் புரோகோஃபியேவ் டர்ன்டேபிளுக்கும் இசைக்குழுவுக்குமாக ஒரு கச்சேரி இசை எழுதினார். 2011ல் லண்டனின் பிபிசி புரோம்ஸ் மேடையில் பிரிட்டனின் தேசிய இளையர் இசைக்குழுவுடன் டிஜே ஸ்விட்ச் அதை வாசித்தார். டர்ன்டேபிள் ஓர் இசைக்கருவிதான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

உடனே டர்ன்டேபிள் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு வெள்ளிகூடச் செலவில்லாமல் தொடங்கலாம்.

முதலில், ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலியைக் கைப்பேசியில் இறக்குங்கள். வட்டமாகச் சுழலும் சாப்பாட்டு மேசைத் தட்டின் நடுவில் கைப்பேசியை வைத்துச் சுழற்றி, சுழல்வேகத்தைப் பாருங்கள். வினாடிக்கு 3.49 ரேடியன் வந்தால் அது இசைத்தட்டின் வேகம். திசையை மாற்றினால் குறி மாறும். 2019ல் விற்பனைக்கு வந்த 'ஃபேஸ்' என்ற கருவி இதையேதான் செய்கிறது: தட்டின் மேல் ஒட்டிய சிறு உணர்கருவி ஊசியே இல்லாமல் சுழற்சியைக் கம்பியில்லாமல் அனுப்பும்.

இரண்டாவது, பைத்தான் படிப்பவர்கள் ஒரு சைன் அலையையும் ஒரு கொசைன் அலையையும் ஒன்றுக்கொன்று எதிராக வரைந்து பாருங்கள். மேலே சொன்ன வட்டம் வரும். பிறகு நேர், நிரை வளையத்தை நான்கு அசைச் சீர்களுக்கு, அதாவது 16 அசைகளில் எழுத முயலுங்கள். கணக்கு ஆசிரியரையும் தமிழாசிரியரையும் ஒரே மேசைக்கு வரவழைக்கும் கேள்வி இது.

மூன்றாவது, மிக்ஸ் மென்பொருளைப் பள்ளிக் கணினியிலோ வீட்டிலோ நிறுவிப் பழகுங்கள். இணைப்பாட நடவடிக்கைக்காகப் பள்ளி கருவி வாங்கப்போகிறது என்றால் ஆசிரியரிடம் பேசுங்கள். சிம் லிம் சதுக்கத்தில் விலை விசாரிப்பதற்கு முன்பே, தனி இயக்கி மென்பொருள் தேவைப்படாமல் பொதுவான யுஎஸ்பி ஒலித் தரத்தில் ஓடும் பெட்டியா என்று பார்க்கச் சொல்லுங்கள். அத்தகைய பெட்டி, அதைத் தயாரித்த நிறுவனம் மறந்த பிறகும் ஓட வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வேண்டுகோள். வீட்டில் பழைய தமிழ்த் தட்டுகள் இருந்தால் அவற்றின் மேல் ஸ்கிராட்ச் பழகாதீர்கள். மெல்லத் துடைத்து, ஒருமுறை கணினியில் பதிவு செய்து பத்திரப்படுத்துங்கள். தேய்த்துப் பழகக் குறியீட்டுத் தட்டு இருக்கிறது. அது தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். தாத்தாவின் தட்டு போனால் போனதுதான்.

அடுத்த முறை தேக்காவில் ஒரு விழாவில் டிஜேயைக் கண்டால், அவர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கருவிகளில் மிகப் பழையது எது? மிகப் புதியது எது? மென்பொருள் நிறுவனம் நாளைக்கே கடையை மூடினால் இவற்றில் எது தொடர்ந்து வேலை செய்யும்? மூன்றாவது கேள்வியை உங்கள் கைப்பேசி, கைக்கடிகாரம், அறிவார்ந்த விளக்கு எல்லாவற்றிடமும் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் பதில்களை ஒரு தாளில் பட்டியலிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள். அடுத்து எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்ற விவாதத்தை அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.